எழுபதின் நற்பெயர்

விமான நிறுவனத்தில் அண்ணனைப் ‘பெரிய கேப்டன்’ என்றும் தம்பியைச் ‘சின்ன கேப்டன்’ என்றும் கூப்பிடுவார்கள். தம்பிக்குக் காதோரம் நரைத்து, கேப்டனின் இடப்பக்க இருக்கையில் பத்து வருஷமாக உட்கார்ந்துகொண்டிருந்தபோதும் அந்தச் ‘சின்ன’ அவனை விட்டுப் போகவில்லை. கூப்பிட்டவர்கள் பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் திரும்புவான். வீட்டில் அம்மா அதையே வேறு மாதிரி சொல்வாள். கார் கதவில் கீறல் விழுந்தாலும் சரி, குழாய் ஒழுகினாலும் சரி, "பெரியவனா இருந்தா இப்படி விட்டிருக்க மாட்டான்" என்பாள். சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகிய பேச்சு. பழகியது என்பதற்காக வலிக்காமல் இல்லை.

மழை கொட்டிய ஒரு சாயங்காலம், ஓடுதளத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அண்ணன் ஓட்டிவந்த விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வயல்வெளியில் விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை. சவப்பெட்டியைத் திறந்து காட்டக்கூட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அது கே-எழுபது என்கிற மாடல். பைலட்டுகள் வெறுமனே ‘எழுபது’ என்பார்கள். அதற்கு முன்பே வெவ்வேறு இடங்களில் இரண்டு எழுபதுகள் விழுந்திருந்தன. இரண்டும் பைலட்டின் பிழை என்று முடிவாகியிருந்தது. அதனால்தான் அதைத் தயாரித்த நிறுவனம், ‘இயந்திரக் கோளாறால் நேர்ந்த விபத்து: பூஜ்யம்’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் போட முடிந்தது. இந்த மூன்றாவது விபத்தை யார் கணக்கில் எழுதுவது, விமானத்தின் கணக்கிலா, செத்துப்போன பைலட்டின் கணக்கிலா என்று தீர்மானிக்கத்தான் விசாரணைக் குழு உட்கார்ந்தது. குழுவின் தலைவர் போர் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மீசைதான் முகத்தில் பாதி. அவர் இல்லாத இடத்தில் எல்லோரும் அவரை ‘மீசை’ என்றே சொன்னார்கள்.

நடந்தது என்ன என்பதில் சண்டை இல்லை. இறங்கும்போது இறக்கைகளின் பின்பக்கம் ஃபிளாப் என்கிற மடல்கள் நீளும். விமானம் மெதுவாக வந்தாலும் விழாமல் தாங்குவது அவைதான். அன்றைக்கு வலப்பக்க ஃபிளாப் தானாகவே உள்ளே போய்விட்டது. இடப்பக்கம் மட்டும் நீண்டு நின்றது. விமானம் புரண்டுவிட்டது. இதைத் தயாரிப்பு நிறுவனமே ஒத்துக்கொண்டது. ஆனால் அவர்களுடைய வாதம் இதுதான்: "கோளாறு எந்த இயந்திரத்துலயும் வரும். அதைச் சமாளிக்கத்தான் பைலட்டை உட்கார வெச்சிருக்கு. நல்ல பைலட்டா இருந்தா காப்பாத்தியிருப்பார்."

அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் மீசை. விமானத்தின் முன்பகுதி போலவே கட்டி, இரும்புக் கால்களில் நிறுத்தி ஆட்டுகிற சிமுலேட்டர் இருக்கிறது. அதில் ஒரு பைலட்டை உட்காரவைத்து அதே கோளாறைக் கொடுப்பது. தப்பித்தால் தவறு பைலட்டுடையது. விழுந்தால் விமானத்துடையது.

யாரை உட்காரவைப்பது என்ற கேள்வி வந்தபோது, சின்ன கேப்டன் பெயரைச் சொன்னது அண்ணிதான்.

அண்ணி பல் மருத்துவர். வீட்டின் முன்னறையிலேயே கிளினிக். வழவழவென்று பேசத் தெரியாது. வாயைத் திறந்தால் அடுத்தவர் வாயை மூட வைத்துவிடுவாள். "கம்பெனிக்காரங்க ஆளை உட்கார வெச்சா அவங்க சொன்னபடி ஆடுவான். என் கொழுந்தன் உட்காரட்டும். கூடப் பிறந்தவரு, அதே விமானத்தை ஓட்டறவரு. அவருக்கு முடியலைன்னா யாருக்கும் முடியாது" என்று குழுவிடம் சொன்னாள். தயாரிப்பு நிறுவனத்து வக்கீல் மறுக்கவேயில்லை. தாராளமாக என்றார்.

சோதனைக்கு முதல் நாள் மத்தியானம், சிமுலேட்டர் கூடத்துக்கு வந்து பழகிக்கொள்ளலாம் என்று சின்ன கேப்டனுக்கு அழைப்பு வந்தது. கூடத்தில் யாரும் இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் இன்ஜினியர் மட்டும் இருந்தார். மெலிந்த மனிதர், ரொம்ப மரியாதைக்காரர், சட்டைப்பையில் எப்போதும் பெப்பர்மின்ட் வைத்திருப்பார்.

"சும்மா ஒரு ரவுண்டு சார். சீட்டு, வெளிச்சம் எல்லாம் சௌகரியமா இருக்கான்னு பார்த்துக்குங்க."

சின்ன கேப்டன் ஏறி உட்கார்ந்தான். எதிரே திரையில் மழை, மங்கலான ஓடுதள விளக்குகள். ஃபிளாப்பை நீட்டி இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒன்றும் சொல்லாமல் கொள்ளாமல் வலப்பக்கம் காலுக்கடியில் தரை நழுவியதுபோல் இருந்தது. அவன் இரண்டு கையாலும் விமானத்தை ஏற்றி இறக்குகிற விசையை நெஞ்சோடு சேர்த்து இழுத்தான். யோசித்து இழுக்கவில்லை, கைகள் இழுத்துவிட்டன. திரையில் வானம் காலுக்குக் கீழே போனது. விளக்குகள் தலைகீழாக வந்தன. பிறகு திரை கறுத்துவிட்டது.

முதுகில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் கதவைத் திறந்து ஒரு பெப்பர்மின்ட்டை நீட்டினார்.

"பரவாயில்ல சார். முதல் தடவை எல்லாருமே இழுத்துடுவாங்க."

"எல்லாருமேன்னா?"

"எங்க பைலட்டுங்களும்தான்." அவர் மழையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். "இழுக்கக்கூடாது சார். மூக்கைத் தரையைப் பார்த்துக் குத்தணும். முழு வேகம் குடுத்து, ஃபிளாப் லீவரை மேல தள்ளி, இன்னொரு பக்கத்தையும் உள்ள கொண்டுவந்துடணும். தரை கண்ணுக்கெதிர வர்றப்போ தரையைப் பார்த்தே குத்தறதுக்கு மனசு வராது. ஆனா வரப்போகுதுன்னு தெரிஞ்சிருந்தா வரும். இன்னொரு ரவுண்டு போலாமா?"

இரண்டாவது தடவை அவன் தப்பித்தான். மரங்களின் உச்சியை உரசுகிற உயரத்தில் விமானம் நிமிர்ந்தது.

"பிரமாதம் சார்" என்றார் இன்ஜினியர். அவன் இறங்கிப் போகும்போது பின்னாலிருந்து, "நாளைக்கு எண்ணூறு அடியில வரும்" என்றார். அவன் காதில் விழாதது போல நடந்தான். நன்றாகவே விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். எப்போதும் வெட்டிப் பேசுகிறவள் அன்று தழுதழுத்தாள். "நாளைக்கு அங்க நீங்க உட்காரப் போறீங்கங்கிறதே எனக்குப் பெரிய தெம்பு தம்பி. உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க. அது போதும்."

"சரி அண்ணி" என்றான். நான் ஏற்கெனவே ஒரு தடவை செத்துப் பார்த்துவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மென்று விழுங்கிவிட்டான். நாளைக்கு விழுந்துவிட்டால் போயிற்று, எதற்கு இன்றைக்கே ரகளை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். விழத்தான் போகிறான் என்று அப்போது உண்மையாகவே நம்பினான்.

மறுநாள் கட்டுப்பாட்டு அறையில் கூட்டம். மீசை, குழுவினர், வக்கீல்கள், சுவரோரம் நாற்காலி நுனியில் அண்ணி. சிமுலேட்டருக்குள் இருக்கிற கேமரா அவன் முகத்தையும் கைகளையும் பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தது. மழை ஆரம்பித்தது. விளக்குகள் தெரிந்தன. ஆயிரம் அடி. தொள்ளாயிரம்.

இழுத்துவிடு என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். நேற்று இழுத்த மாதிரியே இழுத்துவிடு, அவ்வளவுதான் வேலை.

எண்ணூறில் வலப்பக்கம் நழுவியது. அந்த நொடியில் அவனுக்கு அண்ணியின் ஞாபகம் வரவில்லை. செத்துப்போன அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போலவும், தானும் அவனும் ஒரே கேள்விக்குப் பதில் எழுதுவது போலவும், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை தனக்குத் தெரியும் அவனுக்குத் தெரியாது என்பது போலவும் இருந்தது. கை முன்னால் போனது. மூக்கைக் குத்தினான். வேகத்தை முழுக்கக் கொடுத்தான். லீவரைத் தள்ளினான். விமானம் முக்கி முனகி நிமிர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாத அளவுக்கு மெத்தென்று இறக்கினான்.

கட்டுப்பாட்டு அறையில் யாரோ கை தட்டினார்கள்.

விசாரணைக் கூடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு கேள்வி கேட்க அனுமதி உண்டு. அண்ணி எழுந்தாள்.

"தம்பி, எது வரப்போகுது, எப்போ வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இன்ஜினியர் தன் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன கேப்டன் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தான்.

"கோளாறு ஒண்ணு குடுப்பாங்கன்னு தெரியும். என்ன, எப்போங்கிறது தெரியாது."

"இதுக்கு முன்னாடி அந்த சிமுலேட்டருக்குள்ள..."

"அம்மா, ஒரே கேள்விதான்" என்றார் மீசை. "உங்க துக்கம் புரியுது. உட்காருங்க."

தீர்ப்பு வந்தது. கே-எழுபதின் பெயரில் களங்கமில்லை. சராசரித் திறமையுள்ள பைலட் தற்போதைய பயிற்சியைக் கொண்டே தப்பித்திருக்கக்கூடிய நிலைமையில், கேப்டன் தவறான முடிவெடுத்தார். விபத்துக்குக் காரணம் பைலட். நடைபாதையில் அண்ணி அவனைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"இறங்கினதும் சிரிச்சீங்க தம்பி. ஸ்கிரீன்ல பெருசா தெரிஞ்சுது."

போய்விட்டாள்.

செத்தவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த ஊரிலேயேதான் இருந்தன. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இத்தனை மாதம் தவித்தவர்களுக்கு இப்போது ஒரு விலாசம் கிடைத்துவிட்டது. கிளினிக்கின் பெயர்ப் பலகையில் யாரோ கறுப்பு பெயிண்ட்டை வாளியோடு வீசிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் பல் வலி என்று வந்து நாற்காலியில் சாய்ந்து, அண்ணி குனிந்து வாயைப் பார்த்தபோது முகத்தில் துப்பினாள். அண்ணி முகத்தைத் துடைத்துவிட்டு, "கீழ்க்கடைவாயில சொத்தை இருக்கு. வேற டாக்டர்கிட்டயாவது காட்டிடுங்க" என்றாளாம். நோயாளிகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

சின்ன கேப்டன் வீட்டில் அம்மா வேறொன்று செய்தாள். ஹாலில் சீருடையோடு மாட்டியிருந்த பெரியவனின் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியிலேயே சின்னவனின் படத்தை மாட்டினாள். வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். "பெரியவன் எப்பவுமே அவசரக் குடுக்கை. சின்னவன்தான் நிதானம். சின்ன வயசுலயே எனக்குத் தெரியும்."

இந்தப் பேச்சைக் கேட்கத்தான் அவன் நாற்பது வருஷம் ஏங்கியிருந்தான். இப்போது அது காதில் விழும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டான். "நிறுத்தும்மா! எனக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. சொல்லாம குடுத்தப்போ நானும் விழுந்தேன். அவன் எப்படி விழுந்தானோ அப்படியேதான் விழுந்தேன்."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்டா. உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இப்படிப் பேசறே?"

"இருக்கறது நீ ஒருத்தன்தான். செத்தவனுக்கு நல்ல பேரை வெச்சுட்டு என்னடா பண்றது?" மடித்த சட்டையைத் தட்டி நேராக்கினாள். "இதை வேற யார்கிட்டயும் உளறி வைக்காதே."

விமான நிறுவனம் அவனை எழுபதுக்குத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. ‘சின்ன’ உதிர்ந்துபோய், வெறும் கேப்டன் ஆனான். பதவி கிடைத்த கையோடு அவன் செய்த முதல் காரியம், மூக்கைக் குத்தித் தப்பிக்கிற அந்த முறையைப் பயிற்சியில் சேர்க்கச் சொல்லிக் கேட்டதுதான். அதையாவது செய்துவிட்டால் நெஞ்சில் இருக்கிற பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தான். மேலாளர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"புதுசா எதுக்கு கேப்டன்? இருக்கிற பயிற்சியே போதும்னு நீங்கதானே உட்கார்ந்து நிரூபிச்சீங்க? இப்போ சேர்த்தா, அப்போ போதலைன்னு ஆயிடும். தீர்ப்பையே நாம கேள்வி கேட்ட மாதிரி ஆயிடும்."

தன்னிடம் பயின்றவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தான். "இறங்கறப்போ மூக்கைத் தரையில குத்தச் சொல்றீங்களா சார்? புத்தகத்துல இல்லாததை ஒருத்தரும் செய்யக்கூடாதுன்னு சொல்றதே நீங்கதான்" என்று ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அவன் தப்பித்த வீடியோவைத் தயாரிப்பு நிறுவனம் எடுத்துக்கொண்டது. விற்பனைக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். யாரோ அதை வெளியே விட, பாட்டு சேர்த்து ஊரெல்லாம் பார்த்தது. ‘தில்லான கேப்டன்’ என்று அடியில் எழுதியிருந்தார்கள்.

அடுத்த வருஷம் வேறொரு நிறுவனத்தின் எழுபது விழுந்தது. அதே மாதிரி, இறங்கும்போது, ஒரு பக்கமாகப் புரண்டு. ஓட்டியது ஒரு பெண். கேப்டனாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விசாரணைக்கு அனுபவசாலி வேண்டும் என்று மீசையையே தலைவராகப் போட்டார்கள். சின்ன கேப்டனை நிபுணர் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

கூடத்தில் விளக்கை அணைத்து அந்த வீடியோவைப் போட்டார்கள். முன் வரிசையில் அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். திரையில் விமானம் நிமிர்ந்தபோது அவர் தலை குனிந்தது. தன் மகள் இந்த அளவுக்குக்கூடத் தேறவில்லையே என்று வெட்கப்பட்டவர் போல, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்க்கவே கூசினார்.

விளக்கு எரிந்தது. "கேப்டன், இந்த நிலைமையில தப்பிக்க முடியுமா, முடியாதா?" என்று கேட்டார் மீசை.

சின்ன கேப்டன் எழுந்தான். சொன்னான். முதல் நாள் மத்தியானத்தையும், பெப்பர்மின்ட்டையும், எண்ணூறு அடியையும், இரண்டு கையாலும் இழுத்ததையும், திரை கறுத்ததையும், அண்ணியின் கேள்விக்குச் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னான். பேசி முடித்தபோது அவனுக்கே மூச்சு வாங்கியது.

இன்ஜினியர் வாய் கூசாமல் சொன்னார். "கேப்டன் எங்க கூடத்துக்கு வந்ததே சோதனை அன்னிக்குத்தான் சார்."

மீசை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. "கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்திருக்கார். தான் தப்பிச்ச இடத்துல அண்ணன் தப்பிக்கலைங்கிறது ஒரு மனுஷனை அரிக்கும். நாம எல்லாரும் புரிஞ்சுக்கணும். கேப்டனுக்கு ஓய்வு தேவை."

"வேற யாரையாவது உட்கார வெச்சுப் பாருங்க! சொல்லாம கொள்ளாம குடுத்துப் பாருங்க!"

"சோதனை ஏற்கெனவே முடிஞ்சுபோச்சு கேப்டன். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

மருத்துவர்கள் குழுவிடம் அனுப்பினார்கள். மனநிலை சரியில்லை, பறக்கத் தகுதியில்லை என்று எழுதி உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் பைலட்டின் மீதும் பழி போட்டு விசாரணை முடிந்தது. சில மாதத்தில் தயாரிப்பு நிறுவனம், ஃபிளாப்பைப் பிடித்திருக்கிற ஒரு கம்பியைத் தடிமனாக்கி, எல்லா எழுபதிலும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்ட பத்திரிகைக்காரருக்கு, வழக்கமான மேம்பாடு என்று பதில் வந்தது. பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு அண்ணி வீட்டுப் படியேறத் தைரியம் வந்தது. பெயர்ப் பலகையில் கறுப்பைச் சுரண்டிய தடம் இருந்தது. காத்திருக்கும் அறையில் ஒருவரும் இல்லை. உள்ளே அண்ணி யாருக்கோ பல்செட் செய்வதற்காக வெள்ளை மாவில் எடுத்த அச்சைச் சின்னக் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் அண்ணி. விசாரணையில. யாரும் நம்பல."

"பேப்பர்ல பார்த்தேன்."

"உங்ககிட்ட மன்னிப்பு..."

"அதை நீங்களே வெச்சுக்குங்க." கத்தியில் ஒட்டிய மாவை ஊதினாள். "அங்க சொன்னீங்க, சரி. செத்தவங்க வீட்ல சொன்னீங்களா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"வாங்க" என்று எழுந்து கையைக் கழுவினாள்.

முதலில் கூட்டிப்போனது ஒரு டயர் கடைக்கு. பலகையில் பெயிண்ட் வீசியது அந்தக் கடைக்காரர்தான் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். அவருடைய மனைவி அந்த விமானத்தில் இருந்தாள். அண்ணி வாசலில் நின்றுகொண்டாள். "எல்லாத்தையும் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவன் சொன்னான். கடைக்காரர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார். பிறகு அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். "புருஷன் பேரைக் கழுவறதுக்குக் கொழுந்தனைக் கூட்டிட்டு வந்து நாடகம் போடறியா?" போனை எடுத்து, துடைத்து, அந்த வீடியோவைப் போட்டு அவன் மூக்குக்கு நேராக நீட்டினார். பாட்டு அலறியது. "இது யாரு? நீதானே? நீ பண்ணுனியா இல்லையா? உன்னால முடிஞ்சுது, அந்த ஆளால முடியல. என் பொண்டாட்டி செத்துட்டா. போய்யா."

திரையில் தன்னுடைய சிரிப்பை அவன் அப்போதுதான் முதல்முதலாக நேருக்கு நேர் பார்த்தான்.

"நான் சொல்றது சத்தியம்ங்க."

கடைக்காரர் பளாரென்று அறைந்தார். உதடு கிழிந்தது. அண்ணி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வெளியே வந்ததும் கைப்பையைத் திறந்து பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். "கடிச்சுப் பிடிங்க. அடுத்த வீடு பக்கத்துத் தெருதான்."

அப்படி எத்தனையோ சாயங்காலங்கள். சில வீடுகளில் கதவே திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, இப்போ நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். ஒருவர்கூட நம்பவில்லை. நம்பியவர் யாராவது இருந்திருந்தாலும் வெளியே சொல்லவில்லை. அண்ணி ஒரு வீட்டையும் விடவில்லை. அவன் குரல் தேய்ந்துபோனால், "நடுவுல முழுங்காதீங்க, முதல்லேருந்து சொல்லுங்க" என்பாள். இதில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று அவன் ஒரு நாள் கேட்டுவிட்டான். "ஒண்ணும் கிடைக்கல" என்றாள். "நீங்க சொல்றதைப் பக்கத்துல நின்னு கேக்கணும் போல இருக்கு. அவ்வளவுதான்."

ஊர் ஓரத்தில், துணி இஸ்திரி போட்டுப் பிழைக்கிற ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். வேலை கிடைத்து முதல்முதலாக விமானம் ஏறிய ஒரே மகனைப் பறிகொடுத்தவள். ஒரே அறை. மடித்த துணி அடுக்குகளுக்கு நடுவில் இரண்டு ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டாள். அவன் ஆரம்பிக்கும்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டாள். முன்பே சொன்னார்களா, சொல்லவில்லையா, யார் மேல் தப்பு, எதையும் அவள் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க அந்தப் பொம்மை விமானத்துல விழுந்தீங்கல்ல, அது எவ்வளவு நேரம் இருந்துச்சுங்க?"

"பதினோரு செகண்டு."

"பதினொண்ணு." அவள் உதடு அசைந்தது. எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. எண்ணி முடித்து, "அவ்வளவு நேரமா?" என்றாள்.

"ஆமாங்க" என்றான்.

"பின்னாடி உட்கார்ந்திருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? விழப்போறோம்னு?"

பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அண்ணியைப் பார்த்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருக்கும்" என்றான்.

அந்தப் பெண் தலையசைத்தாள். பிறகு திரும்பி, யாருடையதோ ஒரு சட்டையை எடுத்து மேஜையில் விரித்து, காலரை நீவ ஆரம்பித்தாள்.

இத்தனை வீடுகளிலும் வாசலோடு நின்ற அண்ணி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுடைய முகத்தில் அதுவரை இருந்த இறுக்கம் எங்கோ போய்விட்டது.

"அவர் கை எங்க இருந்திருக்கும் தம்பி?"

"அண்ணி, வேணாம்."

"காட்டுங்க."

அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத விசையைப் பிடித்து, மெதுவாக நெஞ்சை நோக்கி இழுத்தான். கைமுட்டி மார்பில் இடித்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணி எழுந்து கிட்டே வந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரலில் அண்ணனுக்கு இருந்ததைப் போலவே அகலமான நகம்.

"விட்டுடாதீங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."